வலி மாத்திரை 'பழகிடுமா'? பயம் எங்கே சரி, எங்கே தப்பு

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆன 36 வயதுப் பெண். தையல் ஆறிவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டும் 'பரவாயில்லை' ரகம்தான். ஆனால், இடுப்பிலிருந்து இடது கால் வரை காய்ச்சிய கம்பியை வைத்து இழுத்தமாதிரி ஒரு வலி மட்டும் போகவே இல்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என 50 மி.கி. ட்ரமடால் போடுகிறார். அதைப் போட்டால் ஆபீஸ் போக முடிகிறது. ராத்திரி நாலைந்து மணி நேரமாவது தூங்க முடிகிறது.

சிக்கல் வீட்டு ஹாலில் ஆரம்பிக்கிறது. "இன்னுமா அதைப் போட்டுக்கிட்டு இருக்க? பழகிடும்மா, அப்புறம் விடவே முடியாது" என்கிறார் அம்மா. தம்பி ஃபேமிலி குரூப்பில் ஒரு செய்தி லிங்க்கைத் தட்டிவிடுகிறான்: வலி நிவாரணி மாத்திரைகளை போதைக்கு விற்ற இளைஞர்கள் கைது. மெடிக்கல் ஷாப்பில், "இதுக்குப் புதுச் சீட்டு வேணும் மேடம்" என்று கடைக்காரர் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல, பின்னால் நிற்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

அன்று இரவோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார். டாக்டரிடம் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் வியர்த்துக் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவியாக வருகிறது, கை ரோமம் சிலிர்த்து நிற்கிறது, வயிறு கலங்குகிறது. வலியோ முன்பிருந்ததைவிட மோசம். மூன்றாம் நாள், தூக்கமில்லாத கண்ணோடு அவரே ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்: 'அம்மா சொன்னது சரிதான். நான் அடிக்ட் ஆயிட்டேன்.'

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால், நாள்பட்ட வலியோடு வாழ்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதையில் ஏதோ ஒரு துண்டு அவர்களுடையதாக இருக்கும். அவர் எழுதிக்கொண்ட அந்தத் தீர்ப்பு தப்பு. ஏன் தப்பு என்று புரிந்துகொண்டால், இந்த மாத்திரைகளைப் பற்றிய நம் பயத்தில் பாதி இடம் மாறிவிடும்.

'பழகிடும்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயம்

'பழகிடும்' என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு சங்கதிகளை ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

முதலாவது, மருந்துக்கு உடம்பு பழகுவது. ஆரம்பத்தில் ஒரு மாத்திரையில் கேட்ட வலி, சில மாதங்களுக்குப் பிறகு அதே ஒன்றில் அவ்வளவாகக் கேட்காது. இரண்டாவது, உடல் சார்பு. மருந்து தினமும் உள்ளே வருவதை வைத்து நரம்பு மண்டலம் தன்னை செட் பண்ணிக்கொள்கிறது. திடீரென்று அது வராமல் போனால் ஒரேயடியாகக் குழம்பிப்போகிறது. வியர்வை, சிலிர்ப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்தக் குழப்பத்தின் அறிகுறிகள். ஓபியாய்டு வகை மருந்தை சில வாரங்கள் தொடர்ந்து எடுத்த யாருக்கும் இது வரலாம். நல்லவர், கெட்டவர், மனவலிமை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமே கிடையாது.

மூன்றாவதுதான் அடிமைத்தனம். மருந்து மீது அடக்க முடியாத ஏக்கம். எவ்வளவு எடுக்கிறோம் என்பதில் கட்டுப்பாடு இல்லாமை. வேலையும் குடும்பமும் உடம்பும் கெடுவது தெரிந்தும் நிறுத்த முடியாமை. இது ஒரு நோய். சிகிச்சை உள்ள நோய்.

இரண்டாவது இருப்பதாலேயே மூன்றாவது இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது சமாதானத்துக்குச் சொல்வது இல்லை. உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டில், ஓபியாய்டு அடிமைநோயைக் கண்டறிய 11 அடையாளங்கள் இருக்கின்றன. மருந்துக்குப் பழகுவதும், நிறுத்தினால் உடம்பு படுத்துவதும் அதில் இரண்டு. ஆனால், டாக்டர் சொன்னபடி மட்டும் மருந்து எடுப்பவருக்கு இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அந்தக் கையேடே சொல்கிறது.

இன்னும் எளிதாகப் பார்க்கலாம். பி.பி.க்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களை யாரும் 'பி.பி. மாத்திரைக்கு அடிமை' என்று சொல்வதில்லை. வலி மாத்திரைக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்?

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பயம் சும்மா வந்துவிடவில்லை.

ஐந்து வாக்கியம் செய்த வேலை

1980-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு குட்டிக் கடிதம் வந்தது. மொத்தமே ஐந்து வாக்கியம். அமெரிக்க மருத்துவமனைகளில் உள்நோயாளிகளாக இருந்து, ஒரு தடவையாவது ஓபியாய்டு மருந்து பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், அடிமையானதாகத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் நான்கே பேர் என்றது அது. கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால், அது சொன்னது ஆஸ்பத்திரி படுக்கையில், நர்ஸ் கையால், சில நாட்கள் மருந்து வாங்கியவர்களைப் பற்றி. வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து மாத்திரை போடுபவர்களைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அந்தக் கடிதத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின; அவற்றில் பெரும்பாலானவை அதை 'ஓபியாய்டால் அடிமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு' என்பதற்கான ஆதாரமாகவே காட்டின. 1996-ல் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் மாத்திரையை சந்தைக்குக் கொண்டுவந்தது. முதுகுவலி, மூட்டுவலிக்கெல்லாம் தாராளமாக எழுதலாம் என்று டாக்டர்களிடம் ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. மருந்தின் அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-லேயே பர்டியூ குழுமம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அதற்குள் வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது. மாத்திரையில் தொடங்கி, ஹெராயினுக்குத் தாவி, கடைசியில் கள்ளச்சந்தை ஃபென்டனிலில் வந்து நின்றது அந்தக் கதை. 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான அமெரிக்கர்கள் ஓபியாய்டு ஓவர்டோஸில் செத்தார்கள்.

அப்போ, நாள்பட்ட வலிக்கு இதை எடுப்பவர்களில் உண்மையில் எத்தனை பேர் அடிமையாகிறார்கள்? 2015-ல் 'பெயின்' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 8 முதல் 12 சதவீதம் என்று கணக்கிட்டது. டாக்டர் சொன்னபடி எடுக்காமல் முன்னே பின்னே எடுப்பவர்கள் 21 முதல் 29 சதவீதம். இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்தில் ஒருவர் என்பது நிச்சயம் சின்ன ஆபத்து இல்லை. அதேசமயம், பத்தில் ஒன்பது பேருக்கு அது நடக்கவில்லை. 'போட்டாலே அடிமை' என்பதும் பொய், 'ஒண்ணும் ஆகாது' என்பதும் பொய்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இது வேலை செய்கிறதா?

அடிமையாகிவிடுவோமா என்று கவலைப்படும் அவசரத்தில், அதைவிட அடிப்படையான கேள்வியை விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் எடுத்தால் இந்த மருந்து வலியைக் குறைக்கிறதா?

2018-ல் 'ஜாமா' இதழில் ஒரு ஆய்வு வந்தது. நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு அல்லது முழங்கால் தேய்மான வலி உள்ள 240 அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓபியாய்டு, இன்னொன்றுக்கு பாராசிட்டமால் போன்ற சாதாரண மருந்துகள். 12 மாதம் கழித்துப் பார்த்தால், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வலியின் அளவில், சாதாரண மருந்து எடுத்தவர்கள்தான் கொஞ்சம் மேல். பக்கவிளைவுகள் ஓபியாய்டு பக்கம் அதிகம். 2023-ல் 'லான்செட்'டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்குக்கூட ஓபியாய்டு மாத்திரை, வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்றது.

இதற்கு ஒரு காரணம், நாள்பட்ட வலியின் இயல்பு. மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் வலியை மருத்துவம் தனியாகவே வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, நாள்பட்ட வலி என்பதே ஒரு நோயாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புகள் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆன காலிங் பெல், வாசலில் யாருமே இல்லாதபோதும் அடித்துக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. சத்தம் நிஜம். யாரும் 'கற்பனை பண்ணாதே' என்று சொல்ல முடியாது. ஆனால், வாசலுக்கு ஓடி ஓடிப் பார்த்துப் பயனில்லை, வயரிங்கைத்தான் கவனிக்கணும். சிலருக்கு, நீண்டகாலம் ஓபியாய்டு எடுப்பதே நரம்புகளை இன்னும் கூர்மையாக்கி வலியைக் கூட்டிவிடுவதும் உண்டு.

ஆகவே, புதிதாக முதுகுவலி, மூட்டுவலி என்று போகும் ஒருவருக்கு ஓபியாய்டு முதல் சாய்ஸாக இருக்கக் கூடாது. அடிமையாகிவிடுவார் என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் கிடைக்கிற பலன் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. அதேநேரம், ஆய்வில் வருவது சராசரி. எதுவுமே கேட்காமல், குறைந்த டோஸ் ஓபியாய்டில் மட்டும் எழுந்து நடமாடும் சிலர் இருக்கவே செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஆய்வுக் கட்டுரையை நீட்டுவது நியாயமில்லை.

பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால்

அமெரிக்கா இன்னொரு பாடத்தையும் விலை கொடுத்துத்தான் கற்றது. 2016-ல் அந்நாட்டு நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி, நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எழுதுவது பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு நாளைக்கு 90 மி.கி. மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டுவதைத் தவிர்க்கச் சொன்னது. அது யோசனைதான், சட்டமில்லை. ஆனால், மருத்துவமனைகளும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் மாகாண அரசுகளும் அதைக் கிட்டத்தட்ட சட்டமாகவே நடத்தின. பல வருடமாக மருந்தில் இருந்தவர்களுக்கு மடமடவென டோஸ் குறைக்கப்பட்டது. சிலருக்கு ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. வழக்கு வரும் என்ற பயத்தில் பழைய நோயாளிகளைக் கைவிட்ட டாக்டர்களும் உண்டு.

விளைவு? திடீரென நிறுத்தியதால் கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை என்று புகார்கள் வந்ததையடுத்து, 2019 ஏப்ரலில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. நீண்டகாலம் அதிக டோஸ் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2021-ல் 'ஜாமா'வில் வந்த ஆய்வில், டோஸ் குறைக்கப்பட்டவர்களிடையே ஓவர்டோஸும் மனநல நெருக்கடியும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. 2022-ல் சிடிசி தன் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது. வருடக்கணக்கில் எடுப்பவர் குறைக்க வேண்டுமென்றால் மாதத்துக்கு 10 சதவீதம், தேவைப்பட்டால் அதைவிடவும் மெதுவாக, அதுவும் நோயாளியின் சம்மதத்தோடு என்றது.

மேலே பார்த்த பெண் மூன்றே நாளில் செய்ய முயன்ற காரியத்துக்கு எவ்வளவு காலம் தேவை என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

நம்ம ஊரில் தலைகீழ்

அமெரிக்கக் கதையைப் படித்துவிட்டு இந்தியாவைப் பற்றிப் பயப்படுவது எளிது. ஆனால், இங்கே நிலவரமே வேறு.

சமையலறை டப்பாவில் இருக்கும் கசகசா எந்தச் செடியில் விளைகிறதோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபினி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு லைசென்ஸோடு இது பயிராகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் மத்திய அரசின் ஆலைகளே இருக்கின்றன. மார்ஃபினுக்கான மூலப்பொருளை உலகத்துக்கே அனுப்புகிற நாடு இது. ஆனால், 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் வந்தது. கணக்கில் பிசகு வந்தாலும் குறைந்தது 10 ஆண்டு சிறை என்ற பயம். ஒரு பாட்டில் மார்ஃபின் வாங்கி வைக்க நான்கைந்து லைசென்ஸ். மருத்துவமனைகள் 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்கின. நாட்டின் மொத்த மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து, 1997-ல் வெறும் 18 கிலோவில் வந்து நின்றது. அபினி விளைகிற தேசத்தில், புற்றுநோயாளிகள் பாராசிட்டமாலை வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள்.

2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என அறிவிக்கப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும் என்றானது. ஆனாலும், காகிதத்தில் மாறியது வார்டில் மாற நேரம் பிடிக்கிறது. 2017-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, இந்தியாவில் கிடைக்கும் ஓபியாய்டு வலி மருந்து, உண்மையான தேவையில் 4 சதவீதத்துக்குத்தான் போதும் என்று கணக்கிட்டது. அதே கணக்கில் அமெரிக்காவுக்குக் கிடைப்பது தேவையைப் போல 30 மடங்குக்கும் மேல்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தம்பி ஃபார்வர்டு செய்த அந்தச் செய்தி. அதுவும் நிஜம்தான். ட்ரமடால் 2018 ஏப்ரலில் என்டிபிஎஸ் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் வீரியமான டபென்டடால் அப்போது வெளியே விடப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 'வலி நிவாரணி மாத்திரை பறிமுதல்' என்று வரும் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் இதுதான். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் சின்னப் பையன்கள். மாத்திரையில் இருக்கும் மாவுப் பொருட்கள் ரத்தக் குழாயை அடைக்கும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. மூச்சு மெதுவாகி நின்றே போகலாம். 2025 பிப்ரவரியில், இந்தியாவிலிருந்து டபென்டடாலையும் தசை தளர்த்தி மருந்தான கேரிசோப்ரடாலையும் கலந்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் போதைக்கு விற்கப்படுவதை பிபிசி அம்பலப்படுத்திய பிறகுதான், அந்தக் கலவையின் ஏற்றுமதிக்கு இங்கே தடை வந்தது.

ஆக, எங்கே கெடுபிடி வேண்டுமோ அங்கே ஓட்டை. எங்கே கருணை வேண்டுமோ அங்கே பூட்டு. சீட்டே இல்லாமல் ஸ்ட்ரிப் கணக்கில் விற்கிற கடையை விட்டுவிட்டு, டாக்டர் சீட்டோடு கவுன்ட்டரில் நிற்கும் நோயாளியைக் குற்றவாளி மாதிரி பார்ப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ட்ரமடாலுக்குப் பயப்படும் அதே வீட்டில், மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரைகளை வருடக்கணக்கில் சீட்டே இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அது போதை தராது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால், வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இதய ஆபத்து என்று அதன் கணக்கு தனியாக ஓடுகிறது. சர்க்கரை, பி.பி. இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 'பழகாத' மாத்திரை என்பதாலேயே அது பாதுகாப்பான மாத்திரை ஆகிவிடாது.

புற்றுநோய் வலிக்குக் கணக்கே வேறு

ஓபியாய்டு பயத்துக்கு அதிக விலை கொடுப்பவர்கள் முற்றிய புற்றுநோயாளிகள். இங்கே மார்ஃபின்தான் முதன்மை மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. 'மார்ஃபின் குடுத்துட்டாங்கன்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்' என்று உறவினர்கள் தடுப்பதும், 'பழகிடும்' என்று ஒரு வேளையைக் குறைப்பதும் இன்றும் நடக்கிறது. வலியில் துடிப்பவருக்கு அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. நிம்மதியாகச் சாப்பிடவும், பேரக்குழந்தையோடு நாலு வார்த்தை பேசவும் விடுகிறது.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை அமைப்பு, தன்னார்வலர்களோடு வீடு வீடாகப் போனது. வாய்வழி மார்ஃபினை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். கேரளா 2008-ல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அந்தக் கிராமங்கள் போதையில் மூழ்கிவிடவில்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. பி.பி., சுகர் மாத்திரை வாங்க மட்டும்தான் அந்தத் திட்டம் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

திரும்ப அந்த 36 வயதுப் பெண்ணிடம் வருவோம். அவர் செய்ய வேண்டிய முதல் காரியம், நிறுத்தினேன், இப்படியெல்லாம் ஆனது என்று டாக்டரிடம் அப்படியே சொல்வது. திட்டுவாரோ என்று மறைத்தால், 'மருந்து கேக்கல' என்று அவர் டோஸைக் கூட்டி எழுதிவிட வாய்ப்பு உண்டு.

அடுத்து, இலக்கு என்ன என்று பேசிக்கொள்ள வேண்டும். 'வலியே இருக்கக் கூடாது' என்ற இலக்கு, நாள்பட்ட வலியில் பெரும்பாலும் கிடைக்காத ஒன்று; அதைத் துரத்தும்போதுதான் டோஸ் ஏறிக்கொண்டே போகிறது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிவது, பஸ் ஏறி ஆபீஸ் போவது, இரவில் ஒரு தடவைக்கு மேல் எழாமல் தூங்குவது என்று அளக்கக்கூடியதாக வைத்துக்கொண்டால், மருந்து உதவுகிறதா இல்லையா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். உதவவில்லை என்றால் தொடர்வதில் அர்த்தமில்லை. இறங்கும் வழி என்ன என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அவருடையதுபோன்ற நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டியூலோக்ஸெட்டின், கேபாபென்டின், ப்ரீகாபலின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் தருபவை என்பதால், கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கோபப்படுபவர்கள் நிறைய. வலியைக் கடத்தும் நரம்புப் பாதையிலும் அதே மருந்து வேலை செய்கிறது, அவ்வளவுதான். இவற்றிலும் பக்கவிளைவு உண்டு. கேபாபென்டின், ப்ரீகாபலினை ஓபியாய்டோடு சேர்த்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு. ட்ரமடாலோடு மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றைச் சேர்ப்பதும் வலிப்புவரை கொண்டுபோகலாம். அதனால், எந்த டாக்டரைப் பார்த்தாலும் எடுக்கும் மாத்திரை அத்தனையையும் காட்டிவிட வேண்டும்.

உடற்பயிற்சியும் பிசியோதெரபியும்தான் நீண்டகாலத்தில் அதிகம் கைகொடுப்பவை. சொல்வது சுலபம். வேலைக்குப் போகிறவருக்கு வாரம் மூன்று நாள் பிசியோ என்றால் பர்மிஷன், ஆட்டோ, ஃபீஸ் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. மாத்திரை என்றால் ஒரு மடக்குத் தண்ணீர். மாத்திரையை நாடுவது சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கணும். பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுவதுகூட ஆரம்பம்தான்.

சமரசமே கூடாத சில விஷயங்கள் உண்டு. ஓபியாய்டு எடுக்கும் நாளில் மது கூடாது. அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. ஓவர்டோஸ் மரணங்களில் அடிக்கடி காணப்படும் ஜோடி இது. குறட்டையோடு மூச்சுத் திணறல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தலை சுற்றும் நேரத்தில் டூவீலரை எடுக்க வேண்டாம். மலச்சிக்கல் வந்தே தீரும், அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். மிச்ச மாத்திரைகளை 'பக்கத்து வீட்டு மாமாவுக்கும் முதுகுவலியாம்' என்று தூக்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் டீனேஜ் பிள்ளைகள் இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. வலி இல்லாத நாளிலும் மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை என்று மாத்திரையைத் தேடுவது. ஒரு மாத ஸ்ட்ரிப் இருபது நாளில் காலியாவது. ஒரு டாக்டருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சீட்டு வாங்குவது. எத்தனை போட்டோம் என்பதை வீட்டில் மறைப்பது. இப்படி இருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுவது உயிர் காக்கும். புப்ரினார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளை வைத்து இதற்குச் சிகிச்சை இருக்கிறது. புப்ரினார்ஃபின் வலியையும் குறைக்கும் என்பதால், வலியும் அடிமைத்தனமும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன.

மெடிக்கல் ஷாப் விஷயத்துக்கும் ஒரு ஏற்பாடு தேவை. ட்ரமடால் சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பதால், பழைய சீட்டுக்குக் கொடுக்க மறுக்கும் கடைக்காரர் சரியாகத்தான் நடந்துகொள்கிறார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். மாத்திரை தீர்ந்த சனிக்கிழமை ராத்திரி டாக்டரைத் தேடினால், நோயாளிக்கு மறுபடியும் அதே வியர்வையும் சிலிர்ப்பும்தான். அதனால், ஸ்ட்ரிப்பில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட வேண்டும். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போகலாம். 'பழகிடுமா டாக்டர்?' என்ற கேள்வியை அவரே நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.